வாசலில் படுத்த பாதை

நாவல்மேட்டிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோட்டக்குப்பம் நிஜாமுதீனின் பின்னாலேயே வந்து, அவர் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. அன்றைக்கு வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறு, முருங்கைக்காய் மலிவு. நிஜாமுதீன் வந்தது வேனில். பாதை வந்தது ஈ.சி.ஆர். ரோட்டின் இடது ஓரமாக. வேகத்தடைகளில் நிதானித்து ஏறி இறங்கியது, சிவப்பு விளக்குக்கு நின்றது, ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது. அந்த ரோட்டில் சட்டப்படி வந்தவருக்குப் பரிசு என்று அன்றைக்கு யாராவது அறிவித்திருந்தால் வாங்குவதற்கு வேறு ஆள் இருந்திருக்காது. கதவைத் திறந்த ஹமீதா முதலில் பார்த்தது புருஷனை அல்ல, அவர் காலுக்குப் பின்னால் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த செம்மண்ணைத்தான். "என்னங்க இது, ரோட்டுல போறதையெல்லாம் கூட்டிக்கிட்டு வர்றீங்க?" என்றாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் கூப்புடல" என்றார். அது உண்மைதான்.

நிஜாமுதீன் முப்பது வருஷம் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். அவர் அங்கே லாரி ஓட்டிய காலத்தில் ஹமீதா இங்கே குடும்பத்தை ஓட்டினாள். ஓட்டுவீட்டை இடித்து மாடிவீடு கட்டினாள், கொத்தனாரோடு சண்டை போட்டாள், மகன் தவுசீப்பைப் படிக்கவைத்து, முபீனாவைக் கட்டிவைத்து, அவனையும் தோஹாவுக்கு விமானம் ஏற்றினாள். போனில் இருந்த புருஷன் தங்கமானவர். சாப்பிட்டியா என்பார், பணம் வந்துச்சா என்பார், வைத்துவிடுவார். நேரில் வந்து இறங்கியவரை என்ன செய்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. எந்த சுவிட்சைப் போட்டால் எந்த ஃபேன் சுற்றும் என்பது ஒரு வருஷமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று வேளையும் சமையலறை வாசலில் வந்து நின்று, இன்னிக்கு என்ன, என்று கேட்டார். இப்படித் திரும்பி வந்த ஆண்கள் கோட்டக்குப்பத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கிய பெரிய சோபா மாதிரி. கூடத்தில் போட்டால் இடிக்கும், வெளியே போடவும் மனசு வராது. போதாததற்கு அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் நடக்கச் சொல்ல, மொட்டைமாடியில் தண்ணீர் டேங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தலைக்கு மேலே மாமனார் நடக்கிற சத்தம் தாங்காமல் முபீனாதான் செல்போனில் தேடி, காசு கட்டி, ஞாயிற்றுக்கிழமை நடை ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டாள். "விடிகாலையில கூட்டிட்டுப் போனா சாயங்காலம்தான் மாமி விடுவாங்க" என்று அவள் சொன்னபோது, ஹமீதா வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

நடையை நடத்தியவள் நிவேதா என்கிற சென்னைப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்த்துக் கழுத்து திரும்பாமல் போய், பிறகு நடப்பதையே தொழிலாக்கிக்கொண்டவள். காடு, கழனி, கிராமம், உப்பளம் எல்லாம் ஒரே பகலில் என்பது அவளுடைய விளம்பரம். இடையஞ்சாவடியில் வேனை விட்டு இறங்கியவர்களின் தலையில் குடை அகலத்துக்குத் தொப்பி இருந்தது, முதுகுப்பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாய் வாய்வரைக்கும் வந்தது. நிஜாமுதீன் கைலியும் ரப்பர் செருப்புமாகக் கடைசியில் நடந்தார். கார் வைத்திருப்பவர்கள் காரை நிறுத்திவிட்டுக் காசு கொடுத்து நடப்பதை, தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். முந்திரித் தோப்பில் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்து மூச்சை இழுத்துவிடச் சொன்னாள் நிவேதா. மரம் எதுவும் சொல்லவில்லை, அதில் குடியிருந்த சிவப்பு எறும்புகள் சொல்லவேண்டியதைச் சொல்லின. கால் வலிக்கிறவர்களை வேன் ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. கால்வலி பதினோரு மணிக்கே தொடங்கிவிட்டதால் அன்றைய நடையில் பாதியை வேன்தான் நடந்தது.

ஊருக்குள் நுழைந்தபோதெல்லாம் ஒரே கேள்வி வந்தது. எங்க போறீங்க? சும்மா நடக்குறோம் என்று நிவேதா சிரித்தாள். தொப்பி போட்டுக்கொண்டு கூட்டமாக வருகிறவர்கள் சும்மா வந்ததாக அந்தப் பக்கத்துச் சரித்திரத்திலேயே கிடையாது. முதல் ஊரில் ரோடு அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, புறம்போக்கில் மதில் எழுப்பியிருந்த ஒருவர் தன் மதிலைத் தானே இடிக்க ஆரம்பித்தார். இரண்டாவது ஊரில் மனை வாங்க வந்தவர்கள் என்று பேச்சு கிளம்பி, இவர்கள் மோர் குடித்து முடிப்பதற்குள் சென்ட் விலை இரண்டு மடங்காகிவிட்டது. மூன்றாவது ஊரில் ஏதோ புதுத் திட்டம் என்று பெண்கள் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றார்கள். வரிசை அழகாக இருந்ததால் நிவேதா அதைப் படம் எடுத்துக்கொண்டாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கொல்லையில் நிஜாமுதீன் மட்டும் குனிந்து ஒரு செடியை உதறி, பச்சைக்காயை உடைத்துத் தின்றார். பச்சை மல்லாட்டை தின்று முப்பது வருஷம் ஆகியிருந்தது. அப்போது அவர் அழுதார் என்று வேன் டிரைவர் சொல்கிறான். டிரைவர்கள் சொல்வதை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக நாவல்மேடு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் ஊர் அது. அங்கிருந்து பனைமரங்களுக்கு இடையில் இறங்கி, ஒரு காட்டுத்துண்டைக் கடந்து, சவுக்குத் தோப்பை ஒட்டி, உப்புப் பாத்திகளின் வரப்பில் போய் முடியும் ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் நடந்தார்கள். முடிந்த இடத்தில் நிவேதா கண்ணை மூடிக்கொண்டு, "நம்மள சுமந்த மண்ணுக்கு மனசார ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். தொப்பிக்காரர்கள் பிரபஞ்சத்துக்கு நன்றி சொன்னார்கள். பிரபஞ்சத்துக்கு அவர்கள் யாரென்று தெரியாததால் அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. நிஜாமுதீன் சொன்னதைச் செய்கிற மனுஷன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, பாதையைப் பார்த்தே, "நீ ரொம்ப அழகா இருக்கே" என்றார். மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துவிட்டார். கோட்டக்குப்பத்தில் மூன்று வயதுப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது. பிள்ளையைப் பார்த்து அழகு என்றாலும், ஆட்டைப் பார்த்துக் கொழுகொழு என்றாலும் உடனே அந்தச் சொல்லைச் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். உப்பு வாரிக்கொண்டிருந்த அருக்காணி அதைக் கேட்டாள். நாவல்மேட்டில் மாஷா அல்லாஹ் கிடையாது, அதற்குப் பதிலாக உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவார்கள், விஷயம் ஒன்றுதான். "இன்னா பாய், கண்ணு வெச்சிட்டியே!" என்று கத்தினாள். அதற்குள் வேன் ஹாரன் அடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து முள்ளுக்கும் புழுதிக்கும் திட்டு மட்டுமே வாங்கிய பாதை, முதல்முதலாகத் தன்னைப் புகழ்ந்தவன் பின்னால் எழுந்து போனது.

மறுநாள் விடிகாலை ஹமீதா கதவைத் திறந்தால் வாசலில் அருக்காணியும் இன்னும் சில பெண்களும் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். பாதையின் தலைமாடு நாவல்மேட்டிலேயே இருந்தது, கால்மாடுதான் இங்கே வந்திருந்தது. அதில் கால் வைத்தவர்கள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான தூரம் நடந்து, உப்பளத்துக்குப் பதிலாக ஹமீதாவின் மிதியடிக்கு வந்து சேர்ந்தார்கள். "நடந்தது இன்னாவோ எப்பவும் நடக்குறதுதான் பாயம்மா. வந்து பாத்தா ஒங்க வூடு" என்றாள் அருக்காணி. வந்தவர்களை நிற்கவைத்து அனுப்பக்கூடாது என்று ஹமீதா டீ போட்டாள். அடுத்த நாளும் போட்டாள். அவர்களுக்குப் பின்னால் ஆடுகள் வந்தன, ஒரு கீரி வந்தது. காட்டுத்துண்டில் ஒதுங்குவதற்காகச் சொம்போடு புறப்பட்ட ஒரு பெரியவர் கேட்டைத் தாண்டி வந்து, முபீனாவைப் பார்த்து, இருந்த கொஞ்ச நஞ்ச அவசரமும் போய்த் திரும்பினார். முபீனா பாதையைக் கூட்டிப் பார்த்தாள், பினாயில் போட்டுத் துடைத்தாள். அது மரியாதையாக ஓரம் ஒதுங்கிக் கொடுத்துவிட்டு, காய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று தெருவில் சிரித்தார்கள்.

உப்பள முதலாளி சக்கரபாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாத்திகளில் உப்பு விளைந்து நின்றது. கோடை மழை ஒரு நாள் பெய்தால் அவ்வளவும் தண்ணீர். வெயில் ஏறுவதற்கு முன்னால் வார ஆரம்பித்தாக வேண்டும், நாவல்மேட்டிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு வருகிற பஸ்ஸோ வெயில் ஏறின பிறகுதான் வரும். வாராத நாளுக்குக் கூலி கிடையாது, அதனால் பெண்கள் டீ குடிக்கும்போதே வானத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். தாலுகா ஆபீசில் போய்ச் சொன்னதற்கு, அப்படி ஒரு பாதை வரைபடத்திலேயே இல்லை, இல்லாத பாதை காணாமல் போகமுடியாது என்று சட்டத்தை விளக்கி அனுப்பினார்கள். சக்கரபாணி ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து பாதைக்குச் சுற்றிப்போட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதிக்கொடுத்த தண்ணீரை ஹமீதா தெளித்தாள், ஓரத்துப் புல் பசேலென்று கிளம்பியது. புகழ்ந்ததால் வந்ததை இகழ்ந்து விரட்டலாம் என்று யாரோ யோசனை சொல்ல, பெண்கள் வரிசையாக நின்று பாதையை ஒரு மணிநேரம் வைதார்கள். கோட்டக்குப்பத்தில் அன்றைக்கு ஜன்னல்களைச் சாத்தினார்கள். பாதைக்கு அது தாய்மொழி, சுகமாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது.

அருக்காணி டீ குடித்துக்கொண்டே, பாய் பாதையைப் பார்த்து என்ன சொன்னார் என்பதைச் சொன்னது அன்றைக்குத்தான். ஹமீதாவுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, பின்னால் அவளே எல்லோரிடமும் சொன்னாள். கல்யாணத்தன்று பட்டும் நகையுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அந்த மனுஷன் கேட்டது, வேர்க்குதா, என்பதுதான். பெருநாளைக்கு விடியவிடிய நின்று பிரியாணி செய்து வைத்தால், உப்பு சரியா இருக்குது என்பார், அதுதான் உச்சம். மாடிவீட்டை முதல்முதல் பார்த்தபோது, பைப்புல தண்ணி வருதா என்று கேட்டார். இத்தனை வருஷம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த சொல்லை, ஆட்டுப்புழுக்கை கிடக்கிற ஒரு ஒற்றையடிப் பாதைக்குக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். அவர் தொழுகைக்குப் போனால் பாதை பள்ளிவாசல் வரைக்கும் கூடப் போய், கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் காத்திருந்து, கூடவே திரும்பி வருவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிழக்கே மேகம் திரண்டிருந்தது. அவள் பீரோவைத் திறந்து அவர் பையை எடுத்தாள்.

"அது ஒங்களத் தேடித்தான் வந்திருக்குது. நீங்க அங்க போயிட்டா அதுவும் போயிடும்" என்றாள். "எவ்ளோ நாளைக்கு?" என்று அவர் கேட்டார். "இருக்குற வரைக்கும் இருங்க. ஒங்களுக்கென்ன, ஊரு விட்டு ஊரு போறது புதுசா?" மாத்திரை, பாய், இரண்டு கைலி, ஒரு டார்ச் எல்லாம் வைத்துக் கட்டிக்கொடுத்தாள். அவர் சரி என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் மீனம்பாக்கத்தில் நின்றபோதும் இதே மாதிரிதான் சரி என்றார். அவர் நடக்க நடக்கப் பாதை அவருக்கு முன்னால் ஓடி, பனைமரங்களுக்கு இடையில் தன் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பெண்கள் இருட்டோடு இறங்கி வாரினார்கள், மழை வருவதற்கு முன் உப்பு கரையேறித் தென்னங்கீற்றுக்குள் அடங்கியது. சக்கரபாணி நிஜாமுதீனுக்கு வரப்போரத்துக் கொட்டகையைக் கொடுத்து, கயிற்றுக்கட்டிலும் வாங்கிப்போட்டார். அவர் தினம் காலையும் மாலையும் பாதையை ஒரு தடவை நடந்துகொடுத்தால் போதும், வேறு வேலை இல்லை. அவருடைய சர்க்கரையும் இறங்கியது.

ஹமீதாவுக்கு வீடு மறுபடி கிடைத்தது. சரியான ஃபேன் சுற்றியது, சமையலறை வாசலில் யாரும் நிற்கவில்லை. இரவு இஷா தொழுகை முடிந்து போன் வரும். சாப்பிட்டியா என்பார், சிக்னல் இல்லை என்பார், வைத்துவிடுவார். உப்பளத்துப் பெண்கள் யாராவது டவுனுக்கு வந்தால் அவர்களிடம் ஒரு பை உப்பும் கொஞ்சம் கருவாடும் கொடுத்தனுப்புவார். "மாமாவ மறுபடி ஃபாரின் அனுப்பிட்டீங்க மாமி" என்று முபீனா ஒரு நாள் கருவாட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஹமீதா கூடத்தில் போய் உட்கார்ந்தாள். தன் கையாலேயே பை கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முபீனாவைக் கூப்பிட்டு, அந்த நடைக்காரப் பொண்ணுகிட்ட எனக்கும் ஒரு எடம் சொல்லு என்றாள். மரக்காணத்துக்கு அரைமணிக்கு ஒரு பஸ் இருக்கிறதே மாமி என்று முபீனா கேட்டதற்கு, "பஸ்ல போனா ரோடுதான் தெரியும். எதப் பாத்து அந்த மனுஷன் அப்படிச் சொன்னாருன்னு நான் பாக்கணும்" என்றாள்.

புர்கா, குடை, புதுச் செருப்பு. ஹமீதா நடந்த நடையை நிவேதா இன்றைக்கும் மறக்கவில்லை. முந்திரித் தோப்பில் மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னபோது, "நான் எதுக்கும்மா மரத்தப் புடிக்கணும், எனக்குக் கட்டுன மாப்பிள்ள இருக்காரு" என்றாள். மௌனமாக நடக்க வேண்டிய காட்டில் அவள் மட்டும், இங்க முள்ளு, இங்க சாணி, இந்த ஊர்ல ஒரு பாத்ரூம் கட்டமாட்டாங்களா என்று பேசிக்கொண்டே வந்தாள். மதிலை இடித்தவர் அதற்குள் அதைத் திருப்பிக் கட்டியிருந்தார், இவர்களைப் பார்த்ததும் மறுபடி கடப்பாரையை எடுத்தார். "நாங்க சும்மா வர்றவங்க, செவுத்த வுடுங்க" என்று ஹமீதாதான் அதட்டி நிறுத்தினாள். எங்க போறீங்க என்று ஊருக்கு ஊர் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் நின்று, "எங்க ஊட்டுக்காரரப் பாக்க" என்றாள். அந்த நடை தொடங்கிய நாளிலிருந்து, போகிற இடம் தெரிந்து நடந்தவள் அவள் ஒருத்திதான், ஊர்க்காரர்களும் அவளுக்கு மட்டும் மோரை நீர் ஊற்றாமல் கொடுத்தார்கள். நாவல்மேட்டைத் தாண்டி பாதையில் கால் வைத்தபோது ஹமீதா குனிந்து நன்றாகப் பார்த்தாள். மண், முள், புழுக்கை. இடையில் அறுந்த செருப்பு ஒன்று. அவளுக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான்.

நிஜாமுதீன் வரப்பில் நின்றிருந்தார். கறுத்து, இளைத்து, பார்க்க நன்றாக இருந்தார். சலாம்கூடச் சொல்லாமல் அவள் கேட்டாள். "இதுல என்னங்க அழகக் கண்டீங்க? என்ன இருக்குது இதுல?" பக்கத்தில் அருக்காணி தலையிலிருந்த உப்புத் தட்டை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். "அங்க முப்பது வருஷம் ஓட்டுனேன் ஹமீதா. நேரா நேரா போவும். ஒரு ரோடுகூட ஊட்டுப் பக்கம் திரும்பல. அன்னிக்கு இதுல நடந்து வர்றப்போ, சவுக்குத் தோப்பாண்ட இது நம்ம ஊரு பக்கமா திரும்பிச்சு. அவ்ளோதான்" என்றார். "அதுக்கா?" என்றாள். குனிந்து, காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினாள். முகம் வெந்திருந்தது, புர்காவின் ஓரம் முழங்கால் வரை செம்மண், மூக்கு நுனியில் வேர்வை. அவர் அவளைப் பார்த்தார். "நீ ரொம்ப அழகா இருக்கே" என்றார்.

ஹமீதா காத்திருந்தாள். அருக்காணி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். பாத்தியில் இருந்த பெண்கள் எல்லோரும் வாருவதை நிறுத்தினார்கள், ஏனென்றால் அடுத்த சொல் என்ன என்பது இத்தனை நாளில் அவர்களுக்கும் பாடமாகியிருந்தது. "சொல்லுங்க" என்று ஹமீதா மெதுவாகச் சொன்னாள். "சொல்லிடுங்க, கண்ணு பட்டுடும்." நிஜாமுதீன் வாயைத் திறக்கவில்லை. உப்பு மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறந்துபோனாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதில் நாவல்மேட்டில் இன்றும் இரண்டு கட்சி இருக்கிறது. அவர் திரும்பிக் கொட்டகையை நோக்கி நடந்தார், பாதை அவர் காலோடு நகர்ந்தது. வேன் ஹாரன் அடித்தது. ஹமீதா வேனுக்குப் போய், கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். வைத்த கால் இறங்கியது. "ஆன்ட்டி, வரலியா?" என்றாள் நிவேதா. ஹமீதா அவளைத் திரும்பிப் பார்க்காமல், பாதையின் மேல் ஏறி, அவர் பின்னாலேயே நடந்தாள். நடந்துகொண்டே பையிலிருந்து போனை எடுத்தாள். "முபீனா, ஃப்ரிட்ஜுல மாவு இருக்குது, புளிச்சிடும். நாளைக்கே ஊத்திடு" என்றாள்.